பதில் வந்த தேதி

எழுபதுகளின் நடுவில், கரோல் பாகில் ஒரு பஞ்சாபிக் குடும்பத்தின் மாடியில் நானும் என் மனைவியும் குடியிருந்தபோது, ஆவிக்குரிய வாழ்க்கையில் வளர வேண்டும் என்ற ஆசை எனக்கு வந்தது. மத்திய சர்க்கார் குமாஸ்தாவுக்குத் தெரிந்த வழி ஒன்றுதான். ஒரு ரெஜிஸ்டர் போட்டேன்.

காலை ஐந்து மணிக்கு வேதாகம வாசிப்பு, பிறகு அரைமணி முழங்கால் ஜெபம், வெள்ளிக்கிழமை மதியம்வரை உபவாசம். எல்லாவற்றுக்கும் கட்டம் போட்டு டிக். உபவாசம் முடிந்ததும் இரண்டு வேளைச் சாப்பாட்டை ஒரே வேளையில் சாப்பிட்டதற்கு மட்டும் கட்டம் கிடையாது.

கடைசிப் பக்கங்களில் ஜெப விண்ணப்பங்கள்: வரிசை எண், விஷயம், கேட்ட தேதி, பதில் வந்த தேதி. ஆபீஸ் ரெஜிஸ்டரில் ‘நிராகரிக்கப்பட்டது’ என்று இன்னொரு பத்தி உண்டு. நான் அதைப் போடவில்லை. ஆண்டவர் மேல் அத்தனை நம்பிக்கை. பக்கத்தில் இடமும் கொஞ்சம் குறைவு.

சனிக்கிழமை மாலைகளில், திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்த நாலைந்து கிறிஸ்தவக் குடும்பங்கள் முறைவைத்து ஒவ்வொரு வீட்டிலும் ஜெபக்கூட்டம் நடத்துவோம். அங்கேதான் விண்ணப்பங்கள் சேரும். சர்க்கார் குவார்ட்டர்ஸ், காஸ் இணைப்பு, ஸ்கூட்டர், மெட்ராசுக்கு மாற்றல். அந்தக் கால டெல்லியில் எல்லாவற்றுக்கும் வருஷக்கணக்கில் காத்திருக்க வேண்டும். காத்திருந்தால் என்றைக்காவது வந்துவிடும். ஆகவே என் நாலாவது பத்தி நன்றாக நிரம்பியது.

“அண்ணாச்சி, எங்க காஸ் வந்துட்டு!” என்பார் பக்கத்துத் தெருக்காரர். “மேல ஆபீஸ்ல ஒமக்கு ஆள் இருக்கு வே.”

நான் அடக்கமாகச் சிரிப்பேன். அடக்கத்துக்கும் ஒரு கட்டம் போட்டிருக்கலாம்.

ஏழாம் எண் எங்களுடையது. கல்யாணமாகி ஆறு வருஷமாகக் குழந்தை இல்லை. மனைவி வாய்விட்டுக் கேட்டுக்கொண்டதால், ‘சந்தான பாக்கியம் அருளக் கோருதல்’ என்று எழுதினேன். மூன்று மாதத்துக்கு ஒருமுறை அதன்கீழே சிவப்பு மையில் ‘நினைவூட்டல்’. அவள் ஒருநாள் எட்டிப் பார்த்துவிட்டு அடுப்படிக்குப் போனாள்.

ஒரு குளிர்காலத்தில் அவளுக்கு உதிரப்போக்கு நிற்கவில்லை. ஆஸ்பத்திரியில் கர்ப்பப்பையை எடுத்துவிட்டார்கள். தாழ்வாரத்தில் டாக்டரம்மா என்னைத் தனியே அழைத்து, இனிமேல் குழந்தைக்கு வழியில்லை என்பதை நிதானமாக ஹிந்தியில் சொன்னார். ஹிந்தியில் யார் எதைச் சொன்னாலும் நான் சொல்வது ஒன்றுதான். “அச்சா ஜி” என்றேன்.

வீட்டுக்கு வந்த மறுநாள் விடிகாலை, வழக்கப்படி ரெஜிஸ்டரைத் திறந்தேன். கட்டிலில் படுத்திருந்தவள் முழித்துத்தான் இருந்தாள்.

“ஏழாம் நம்பர்ல என்ன எழுதப் போறிய, அத்தான்?”

பதில் வந்தது என்று எழுத முடியாது. நிலுவை என்று விடவும் முடியாது. அடித்துவிடக் கை வரவில்லை. “ஏளா, தெரியல” என்றேன்.

“எழுதாண்டாம். மூடி வச்சிட்டு ஆண்டவருகிட்ட கேளுங்க.”

“என்னத்த கேக்க?”

“ஏன்னு கேளுங்க. நான் ஆஸ்பத்திரியில கேட்டுட்டேன். நீங்க ஒரு வார்த்தை கேக்கலியே.”

கட்டில் பக்கத்திலேயே முழங்கால் போட்டேன். “கிருபையும் இரக்கமும் நிறைந்த எங்கள் பரம தகப்பனே, இந்த நல்ல காலை வேளைக்காக...”

“எய்யா, அந்த ராகம் வேண்டாம்” என்றாள். “சனிக்கிழமைக்கு வச்சிக்கிடுங்க.”

நிறுத்தினேன். நிறுத்திய பிறகுதான் தெரிந்தது, அதைத் தவிர என்னிடம் வேறு வார்த்தை கிடையாது. இத்தனை வருஷம் தினம் அரைமணி நேரம் பேசியிருக்கிறேன். வீட்டில் பேசுகிற தமிழில் இயேசுவிடம் ஒரு வாக்கியம் பேசியதில்லை. அவரைத் தெரியும் என்று கூட்டங்களில் சாட்சி சொன்னவன் நான். எனக்குத் தெரிந்தது, கோப்பு கீழே இறங்கி வருகிறதா என்று பார்த்துக்கொண்டிருக்க வேண்டிய ஒரு மேலதிகாரியைத்தான். மேலதிகாரியிடம் ‘ஏன்’ என்று கேட்டு எனக்குப் பழக்கமில்லை.

கீழ்வீட்டில் அடிபம்பு சத்தம் கேட்டது. மூக்கு ஒழுகியது, டெல்லிக் குளிர் என்று சொல்லிக்கொள்ள வசதியாக இருந்தது.

“ஆண்டவரே, எங்களுக்கு ஏலல” என்றேன். வேறொன்றும் வரவில்லை. ‘ஏன்’ என்பதுகூட வரவில்லை. ஆமென் சொல்லவும் மறந்துவிட்டது.

மேலேயிருந்து எந்தச் சமாதானமும் இறங்கவில்லை. அவள் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டு அழுதாள். எழுந்து போய் டீயாவது போடலாம் என்று நினைத்தேன். எழுந்திருக்கத் தோன்றவில்லை, அந்த இடத்தைவிட்டால் எங்கே போவது என்றும் தெரியவில்லை.

கொஞ்ச நேரம் கழித்து, தையல் வலிக்க மெல்லத் திரும்பியவள், தலைமாட்டிலிருந்த தலையணையை உருவிக் கட்டிலிலிருந்து என் பக்கமாகக் கீழே தள்ளினாள்.

“தரை ஜில்லுன்னு இருக்கும்லா. முட்டுக்குக் கீழ போட்டுக்கிடுங்க.”