ஏர் ஹாரன் அடித்த கோடை

ஐந்தாம் வகுப்பு முழுப் பரீட்சை லீவில் எங்கள் தெருப் பிள்ளைகள் எல்லாம் பாண்டி ஆடிக்கொண்டும் தாயம் உருட்டிக்கொண்டும் இருந்தார்கள். நான் போடிமெட்டு மலைச்சாலையில் ஜீப்புக்கு ஹாரன் அடித்துக்கொண்டிருந்தேன். இதைச் சொல்லும்போது இன்றைக்கும் எனக்குத் தலை கொஞ்சம் நிமிர்ந்துவிடும். என் வீட்டுக்காரர் இந்தக் கதையை நூறு தடவை கேட்டுவிட்டார். நான் ஆரம்பித்தாலே துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வெளியே கிளம்பிவிடுவார். போகட்டும், நீங்கள் கேளுங்கள்.

பட்டாளத்தில் கழித்துவிட்ட பழைய ஜீப்பு ஒன்று அப்பாவிடம் இருந்தது. விடிவதற்குள் போடியில் பதினான்கு பெண்களை ஏற்றிக்கொண்டு, முந்தல் தாண்டி, வளைவு வளைவாக ஏறி, போடிமெட்டுக்கு அந்தப் பக்கம் இருக்கும் ஏலக்காய்த் தோட்டத்தில் இறக்கிவிடுவார். கடைசி இரண்டு மைலுக்கு ரோடு என்று ஒன்று கிடையாது. பாறையும் சேறும்தான். சாயங்காலம் திரும்பவும் அதே பெண்களைக் கீழே கொண்டுவந்து சேர்க்க வேண்டும். எங்கள் வீட்டு அடுப்பு எரிந்தது அந்த ஜீப்பால்தான். எந்த ஜீப்பில் ஏறுவது என்று முடிவு செய்கிறவர் கங்காணியம்மா. தோட்டத்துக்கு ஆள் சேர்த்து, கூடவே வந்து வேலை வாங்குகிற அம்மாள். வாய் திறந்தால் எதிரே நிற்கிறவர் யாராக இருந்தாலும் ஒரு எட்டுப் பின்னால் போவார்.

அந்தச் சித்திரை மாதத்தில் ஒருநாள் ஒரு வளைவில் அப்பாவின் ஜீப்பும் மேலேயிருந்து இறங்கிய பஸ்சும் மூக்கோடு மூக்கு முட்டப் பார்த்தன. ஒரு முழம் இடைவெளியில் இரண்டும் நின்றுவிட்டன. மூன்று தடவை ஹாரன் அடித்தேனே என்று பஸ் டிரைவர் கத்தினாராம். தார்ப்பாய்க்குள் பேச்சும் சிரிப்புமாக வந்த பெண்கள் எதையும் கவனிக்கவில்லை. அப்பா, “நம்ம ஹாரன் அவருக்குக் கேட்டிருக்காது, அதான்” என்றிருக்கிறார். எங்கள் ஹாரனும் சளி பிடித்த ஆட்டுக்குட்டி மாதிரிதான் கத்தும். அதனால் எல்லோரும் அதை நம்பினார்கள். அன்று சாயங்காலம் இறங்கும்போது கங்காணியம்மா தீர்ப்புச் சொல்லிவிட்டார்.

“தம்பி, திங்கக்கெழமைக்குள்ள நல்ல ஹாரனா ஒண்ண மாட்டு. இல்லேன்னா நாங்க வேற ஜீப்புல ஏறிக்கிறோம். எல்லாம் பச்சப்புள்ளைகள வீட்டுல விட்டுட்டு வர்றவளுக.”

ஞாயிற்றுக்கிழமை அப்பா ஹாரன் வாங்கக் கிளம்பினார். என்னையும் கூட்டிக்கொண்டு போனார். பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் பாய் ஒருவர் வண்டிச் சாமான் கடை வைத்திருந்தார். அவர் முதலில் ரப்பர் உருண்டை வைத்த ஹாரனை எடுத்து அமுக்கினார். அப்பா உதட்டைப் பிதுக்கினார். பேட்டரியில் அடிக்கும் வட்ட ஹாரன் ஒன்று, அதைவிடப் பெரிது ஒன்று என்று வரிசையாக வந்தன. எனக்குக் காது அடைத்துக்கொண்டது. அப்பாவோ, “இதுல சத்தமே இல்லையே பாய்” என்கிறார். பாய்க்குக் கோபமா சிரிப்பா என்று தெரியவில்லை. உள்ளே போய்ப் பரணிலிருந்து ஒன்றை இறக்கிக்கொண்டு வந்தார். நீண்ட இரட்டைக் குழல், அதோடு பால் கேன் அளவுக்கு ஒரு காற்று டேங்கு. லாரிக்கு வந்த ஏர் ஹாரனை ஜீப்புக்கு ஆகிற மாதிரி அவரே மாற்றி ஒக்கிட்டு வைத்திருந்தாராம். பஞ்சர் கடையில் காற்றுப் பிடித்து, சீட்டுக்குப் பக்கத்தில் கட்டிவிட்டால் போதும். வேண்டுமென்றால் கழற்றி வீட்டுக்கும் தூக்கிக்கொண்டு போகலாம்.

பாய் விசையைத் தட்டினார். யம்மாடி! தெருவில் நின்ற மாடு கயிற்றை அறுத்துக்கொண்டு ஓடியது. எதிர்க் கடையில் டீ குடித்தவர் சட்டையெல்லாம் டீ. நான் காதைப் பொத்திக்கொண்டு அப்பாவைப் பார்த்தேன். அவர் முகம் அப்படி மலர்ந்து நான் பார்த்ததே இல்லை. “இதான் ஹாரன்!” என்றார். என் அப்பா அற்ப சொற்பத்தில் திருப்திப்படுகிற ஆள் இல்லை என்று எனக்கு ஒரே பெருமை.

பாய் சும்மா விடவில்லை. “அண்ணே, இது மலைக்குத்தான். ஊருக்குள்ள தொடவே கூடாது. ஆஸ்பத்திரி, பள்ளிக்கூடம் பக்கம் நெனச்சுக்கூடப் பாக்காதீங்க. ரோட்டோரத்துல தலைச்சுமை கொண்டு போறவுக இருந்தா அடிக்காதீங்க, பதறிப் பள்ளத்துல விழுந்துருவாக. வளைவுக்கு ஒரு தடவ, சின்னதா. அடிச்சிட்டு எதிர்ல இருந்து பதில் வருதான்னு காதக் கொடுத்துக் கேக்கணும். அதுதான் முக்கியம்” என்றார். அப்பா எல்லாவற்றுக்கும் தலையை ஆட்டிவிட்டு, வெளியே வந்ததும் என்னிடம், “பாய் சொன்னதெல்லாம் கேட்டுக்கிட்டியாத்தா? நீதான் அடிக்கப்போற” என்றார்.

நானா! தரையில் கால் பாவவில்லை எனக்கு.

விசையை அப்பா தன் பக்கம் வைக்காமல் என் பக்கம் வைத்துக் கட்டினார். மலையில் ரெண்டு கையும் ஸ்டீயரிங்கில் இருக்க வேண்டுமாம். ஒவ்வொரு வளைவுக்கும் நான் ஒரு தடவை அடிக்க வேண்டும். பதில் வருகிறதா என்று கேட்க வேண்டும். ஒன்றும் வராவிட்டால் அவர் இடது தோளில் ஒரு தட்டு, வண்டி வருகிறதென்றால் இரண்டு தட்டு. வாயால் சொல்லக் கூடாது, “எஞ்சின் சத்தத்துல ஒண்ணும் வெளங்காது” என்றார். அதிசயம் என்னவென்றால் அம்மா மறுப்புச் சொல்லவில்லை. தெருக்குழாய்க்குத் தனியாகப் போனாலே, “பொம்பளப் புள்ள, எங்கடி போற?” என்று கேட்கிறவள், விடியுமுன்னே என்னை எழுப்பி, தலை சீவி, தூக்குச் சட்டியில் சோறு கட்டி, “கவனமா இருடி. தூங்கிக்கீங்கிப் போயிராத” என்று ஜீப்பில் ஏற்றிவிட்டாள். என் திறமை வீட்டில் எல்லோருக்கும் தெரிந்திருக்கிறது என்று நான் எடுத்துக்கொண்டேன்.

முதல் நாளே ஒரு கோணங்கித்தனம் செய்தேன். என்னோடு படித்தவள் ஒருத்தி வாசலில் கோலம் போட்டுக்கொண்டிருந்தாள். அவள் பார்க்காமல் ஜீப்பு தாண்டிப் போய்விட்டால் அப்புறம் என்ன பிரயோசனம்? ஒரே ஒரு அமுக்கு. அவள் கோலப்பொடிக் கிண்ணத்தோடு நடைக்குள் விழுந்தாள். சைக்கிளில் வந்த பால்காரரும் சாய்ந்தார், கேனும் சாய்ந்தது. அப்பா வண்டியை நிறுத்தி, என்னை இறக்கி, பால்காரரிடம் மன்னிப்புக் கேட்க வைத்து, கேனைக் கழுவிக் கொடுக்கவும் வைத்தார். பதினான்கு பெண்களும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அதற்குப் பிறகு முந்தல் வரும் வரைக்கும் என் கை விசைப் பக்கமே போகாது.

அன்று சாயங்காலம் இன்னொரு கூத்து. இறங்கும்போது ஒரு வளைவில் ஹாரன் அடித்தேன். எதிரே இருந்து அதே மாதிரி கணீரென்று பதில் வந்தது. நான் அப்பா தோளில் இரண்டு தட்டுத் தட்டினேன். ஏறுகிற வண்டிக்கு இறங்குகிற வண்டி வழிவிட வேண்டும் என்பது மலையில் சட்டம். அப்பா ஓரங்கட்டி நிறுத்தினார். காத்திருந்தோம். யாரும் வரவில்லை. மறுபடியும் அடித்தேன். மறுபடியும் பதில். “நம்ம ஹாரன் மாதிரியே இருக்கே, பாய் இன்னொண்ண எவனுக்கு வித்தாரு?” என்று பின்னால் ஒரு அக்கா கேட்டாள். கால் மணி நேரம் ஆனது. அப்பா இறங்கிப் போய் வளைவு வரைக்கும் எட்டிப் பார்த்துவிட்டு வந்தார். அப்போதுதான் கங்காணியம்மா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்க ஆரம்பித்தார்.

“அடி கூறுகெட்ட கழுத, நம்ம சத்தந்தாண்டி எதிர்மலையில முட்டித் திரும்பி வருது! மலைக்கு வழி விட்டுக்கிட்டு நிக்கோம்!”

ஜீப்பே குலுங்கியது. எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. “ஏந்தம்பி, புள்ளைக்குத்தான் தெரியல, இத்தன வருசமா ஓட்டுற ஒனக்குமா தெரியல?” என்று கங்காணியம்மா கேட்டார். அப்பா, “எனக்கும் வண்டின்னுதாங்கா பட்டுச்சு” என்றார். மகளை விட்டுக்கொடுக்காத மனுஷன் என்று நினைத்து நான் கண்ணைத் துடைத்துக்கொண்டேன்.

இரவெல்லாம் யோசித்து ஒரு வழி கண்டுபிடித்தேன். சும்மா ஒரே இழுப்பாக அடித்தால்தானே குழப்பம்? முதலில் குட்டையாக ஒன்று, பிறகு கொஞ்சம் நீட்டி ஒன்று. அதே குட்டையும் நெட்டையும் திரும்பி வந்தால் அது மலை. வேறு மாதிரி எது வந்தாலும் வண்டி. இதை எனக்கு யாரும் சொல்லித்தரவில்லை. மறுநாளிலிருந்து வளைவு வளைவாக என் காது பழகியது. எந்த வளைவில் மலை பேசும், எதில் வாயை மூடிக்கொள்ளும் என்று வைகாசி பிறப்பதற்குள் எனக்கு மனப்பாடம்.

அப்புறம்தான் அந்த நாள் வந்தது. மத்தியானமே கோடை மழை பிடித்துக்கொண்டது. நான்கு மணிக்கு இறங்கும்போது மேகம் ரோட்டில் படுத்துக் கிடந்தது. பத்தடிக்கு அப்பால் ஒன்றும் தெரியவில்லை. பின்னால் ஒருத்திக்குப் பால் குடிக்கிற குழந்தை வீட்டில். அவள் பொழுதுக்கும், “வெரசாப் போங்கண்ணே, வெரசாப் போங்கண்ணே” என்று சொல்லிக்கொண்டே வந்தாள். வலப்பக்கம் அதல பாதாளமாக இருக்கும் ஒரு வளைவில் நான் குட்டை, நெட்டை அடித்தேன். குட்டை, நெட்டை என்று மலை திருப்பிச் சொன்னது. அதற்கு அடியில், மழைச் சத்தத்துக்குள், இன்னொன்று இருந்த மாதிரி இருந்தது. தீனமாக, ஒரே இழுப்பாக. இருந்ததா, இல்லையா? சத்தியமாக எனக்கு நிச்சயமில்லை. ஆனாலும் இரண்டு தட்டுத் தட்டினேன்.

அப்பா அந்த நொடியே உள்பக்கப் பாறையோடு பாறையாக வண்டியை ஒட்டி நிறுத்திவிட்டார்.

“மலைதாண்டி அது! அன்னைக்கு மாதிரியே பண்ணாத. போகச் சொல்லு” என்று கங்காணியம்மா கத்தினார். குழந்தைக்காரி அழவே ஆரம்பித்துவிட்டாள். ஆளாளுக்குச் சத்தம் போட்டார்கள். அப்பா பின்னால் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. என் முகத்தையே பார்த்தார். நான் இன்னொரு தடவை இரண்டு தட்டுத் தட்டினேன். அவர் எஞ்சினையே அணைத்துவிட்டார்.

மேகத்தைக் கிழித்துக்கொண்டு ஒரு லோடு லாரி வந்தது. வளைவில் திரும்ப இடம் போதாமல் முழு ரோட்டையும் அடைத்துக்கொண்டு, எங்கள் தார்ப்பாயை உரசியபடி ஏறிப் போனது. இருபதடி நாங்கள் முன்னால் போயிருந்தால் பள்ளத்தில்தான் தேட வேண்டும். போகும்போது அது இன்னொரு தடவை ஹாரன் அடித்தது. அதே தீனமான இழுப்பு.

கங்காணியம்மா பின்னாலிருந்து கையை நீட்டி என் கன்னத்தை வழித்து நெட்டி முறித்தார். “ஏ ஆத்தா, பதினாலு குடும்பத்துக்கு வெளக்கேத்தி வச்சிட்டடி” என்றார். அவர் குரல் நடுங்கி நான் கேட்டது அன்றைக்கு மட்டும்தான். எனக்கோ அதைவிடப் பெரிய பெருமை வேறொன்று. பதினான்கு பெரிய மனுஷிகள் ஒரு பக்கம், பத்து வயது நான் ஒரு பக்கம். அப்பா என் பேச்சைத்தான் கேட்டார்!

பள்ளிக்கூடம் திறக்க ஒரு வாரம் இருக்கும்போது கங்காணியம்மா எங்கள் வீட்டுக்கே வந்துவிட்டார். “பொட்டப்புள்ளைக்கு அஞ்சாப்புப் போதாதா தம்பி? இவ முன்னால உக்காந்தாத்தான் எங்களுக்குத் தைரியமா இருக்கு. ஜீப்புலயே வரட்டும்” என்றார். நான் குதித்துக்கொண்டு, “ஆமாப்பா, எனக்குப் பள்ளிக்கூடம் வேணாம்” என்றேன். எங்கள் தெருவில் ஆறாம் வகுப்புக்குப் போகிற பெண் பிள்ளைகளை ஒரு கை விரலில் எண்ணிவிடலாம். என்னை நிறுத்தியிருந்தால் ஏன் என்று ஒருவரும் கேட்டிருக்க மாட்டார்கள். அப்பா, “யோசிச்சுச் சொல்றேங்கா” என்றார்.

மூன்றாம் நாள் ராசிங்காபுரத்துக்காரர் ஒருவருக்கு ஜீப்பை விற்றுவிட்டார். ஹாரனையும் சேர்த்துத்தான். ஏலக்காய்க் கடை ஒன்றில் மூட்டை தைக்கிற வேலைக்குப் பேசிவிட்டு வந்து, எனக்கு ஆறாம் வகுப்புப் பாவாடைக்குத் துணி எடுத்தார். அத்தனை வருஷம் சொந்த வண்டி ஓட்டிய மனுஷன்.

எனக்குக் கல்யாணம் பேசிய வருஷம் அம்மா சொல்லித்தான் எனக்கு விஷயம் தெரியும். ஒரு காய்ச்சலுக்குப் பிறகு அப்பாவுக்கு இடது காது அறவே போய், வலது காதும் மங்கிக்கொண்டே வந்திருக்கிறது. பஸ்சோடு முட்டப் பார்த்த அன்றைக்குத்தான் அவருக்கே பயம் வந்ததாம். வெளியே சொன்னால் ஒருவரும் ஏற மாட்டார்கள், வேறு பிழைப்பும் தெரியாது. “ஓங் காத வச்சுத்தாண்டி அந்த ரெண்டு மாசம் ஓட்டுனாரு” என்றாள் அம்மா. நான் இல்லாமல் மலையேறுவது பதினான்கு பேருக்குச் செய்கிற துரோகம், என்னை வைத்துக்கொண்டு ஏறுவது எனக்குச் செய்கிற துரோகம் என்று அப்பா அவளிடம் சொன்னாராம்.

ஆனால் ஜீப்பு போன அன்றைக்கு இதெல்லாம் எனக்கு எங்கே தெரியும்? ராசிங்காபுரத்துக்காரர் வண்டியை எடுத்துக்கொண்டு போன பிறகு அப்பா வாசலில் தெருவைப் பார்த்துக்கொண்டு நின்றார். நான் அவருக்குப் பின்னால் போய் நின்றேன். லாரியைப் பார்த்துப் பயந்துதான் வண்டியை விற்றுவிட்டார் என்று எனக்கு நிச்சயம். “பயந்தாங்கொள்ளி” என்றேன். அவர் திரும்பவில்லை. இன்னும் சத்தமாக, “நீங்க பயந்தாங்கொள்ளிப்பா” என்றேன். அப்போதும் அவர் திரும்பவில்லை. பதில் சொல்ல அவரிடம் ஒன்றும் இல்லை என்று நினைத்துக்கொண்டு, ஜெயித்துவிட்ட மிதப்பில் நான் வீட்டுக்குள் போனேன்.