குங்குமம் வைத்த காயில்

நான் இருந்தேன். தேசிங்கு இருந்தான். அவன் சம்சாரம் செல்வி இருந்தாள். அப்புறம் ஒரு காயில் இருந்தது.

போன ஆயுத பூஜை அன்று, தேசிங்கு வீட்டில். ஸ்பேனர், கட்டிங் பிளேயர், டெஸ்டர் எல்லாம் சுற்றி நிற்க, காயில் நடுவில். சந்தனம் பூசி, குங்குமம் வைத்து, தலையில் ஒரு சாமந்திப் பூ. அதுதான் அந்த வீட்டு மூலவர்.

இக்னிஷன் காயில் என்பார்கள், பழைய கார்களில் பார்த்திருப்பீர்கள். கைக்கு அடங்கின உருண்டை டப்பா. பேட்டரியிலிருந்து பன்னிரண்டு வோல்ட்டை வாங்கிப் பல ஆயிரமாக்கி பிளக்குக்குப் பொறி அனுப்பும். இது ஒரு அம்பாசடரில் கழற்றியது. தேசிங்கு கற்பூரத்தட்டை அதன் கிட்டே கொண்டுபோனான். சூடு பட்டதும் மூடியிலிருந்து கருகின எண்ணெய் வாடை லேசாக வந்தது. முப்பது வருஷத்துக்கு மேலாகியும் வாடை போகவில்லை. நான் ஓரடி தள்ளி நின்றேன். காரணம் எனக்கு மட்டும்தான் தெரியும் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

அப்போது வடசென்னை டோல்கேட் பக்கம் காசிம் பாய் ஆட்டோ எலக்ட்ரிக்கல் கடை வைத்திருந்தார். நானும் தேசிங்கும் அங்கேதான் வேலை. நான் எட்டாவது பெயில். அவன் கடலில் பெயில். திருவொற்றியூர் குப்பத்துப் பையன், அப்பா அண்ணன் எல்லாரும் மீன் பிடிக்கப் போகிறவர்கள். இவனுக்கு மட்டும் படகு ஏறினால் வாந்தி. கரையில் நின்று அலையைப் பார்த்தாலே எடுப்பான் என்று அண்ணன்கள் சொல்வார்கள். அது கொஞ்சம் ஜாஸ்திதான். ஆனால் அவன் மறுத்ததில்லை.

புதிதாக வேலைக்கு வருகிறவனுக்கு எங்கள் கடையில் ஒரு மரியாதை உண்டு. கண்டென்சர் என்கிற குட்டி டப்பாவில் கரண்டை ஏற்றி, "இந்தா நைனா, புடி" என்று தூக்கிப் போடுவோம். பிடித்தவன் துள்ளுவான். எனக்குப் போட்டது காசிம் பாய். நான் வாசல் வரைக்கும் போய் விழுந்தேன். தேசிங்குக்குப் போட்டது நான். அவன் துள்ளவில்லை. உள்ளங்கையைப் பார்த்தான்.

"இன்னா மாமு, இவ்ளோதானா? இதுக்கு மேல ஒண்ணும் கெடயாதா?"

இதற்கு மேலே என்ன உண்டு என்று பார்க்கத்தான் அந்த மிஷினைச் செய்தோம். ஒரு பேட்டரி. ஒரு காயில். ஹாரனுக்குக் கரண்டை விடுகிற ரிலே சுவிட்ச் ஒன்று. ரிலேவின் ஒயரை மாற்றிப் போட்டால் அது தானே ஒட்டி, தானே விலகி, டர்ரென்று அடித்துக்கொண்டே இருக்கும். அது அடிக்க அடிக்க காயில் பொறி கக்கும். பொறி ஏற ஒரு பலகையில் இரண்டு சைக்கிள் கம்பிகளை நட்டோம். அடியில் நெருக்கம், மேலே போகப் போக அகலம். நீலப் பொறி அடியில் பிடித்து, கம்பி வழியாக நெளிந்து மேலே ஏறி, உச்சியில் அறுந்து, மறுபடி அடியிலிருந்து ஏறும். மழைக்கு முன்னால் வருமே ஒரு வாடை, அந்த வாடை வரும். தேசிங்கு அதில் பீடி பற்றவைப்பான். மீசை ஒரு பக்கம் பொசுங்கின பிறகு விட்டுவிட்டான்.

ஒரு நாள் காசிம் பாய் கிரிக்கெட் கமெண்டரி கேட்டுக்கொண்டிருந்தபோது பின்கட்டில் அதைப் போட்டோம்.

"டேய், எவன்டா என் ரேடியோல அப்பளம் பொரிக்கறான்?" என்று முன்னாலிருந்து குரல் வந்தது.

நாங்கள் நிறுத்தினோம். கமெண்டரி வந்தது. போட்டோம். அப்பளம் பொரிந்தது. தேசிங்கு என்னைப் பார்க்கவில்லை. பின்கட்டுக்கு நேர் பின்னால் இருந்த மாடி வீட்டைப் பார்த்தான். அதன் மொட்டைமாடியில் ஒரு டிவி ஆன்டெனா இருந்தது. அந்த வீட்டில் செல்வி இருந்தாள்.

செல்வியின் அப்பா ஹார்பரில் கிரேன் ஓட்டுகிறவர். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலப் படம் அவருக்குக் கோயில் மாதிரி. பாய் ஞாயிறு மதியமே கடையைச் சாத்திவிட்டுப் போய்விடுவார். பின்கட்டு எங்கள் ராஜ்யம். படம் ஆரம்பித்துக் கால் மணி ஆனதும் நான் மிஷினைப் போடுவேன். டிவியில் புள்ளி புள்ளியாகக் கொட்டும். அவர் மாடி ஏறி ஆன்டெனாவைத் திருப்புவார். நான் நிறுத்த மாட்டேன். பக்கத்து வீட்டுக்காரர் ஏறுவார். நிறுத்த மாட்டேன். அப்போது தேசிங்கு தற்செயலாக அந்தப் பக்கம் போவான்.

"இன்னா நைனா, படம் வர்லியா? நான் வோணா ஏறிப் பாக்கட்டா?"

ஏறுவான். ஆன்டெனாவை ஒரு விரலால் தொடுவான். தோளில் இருக்கிற துண்டை எடுத்து உதறுவான். அதுதான் எனக்கு சிக்னல். நான் பேட்டரி ஒயரைப் பிடுங்குவேன். கீழே, "வந்துட்சி, வந்துட்சி" என்று சத்தம் கேட்கும். தெருவில் மற்ற டிவிகளிலும் அதே நேரம் போய் அதே நேரம்தான் வரும். அவரவர் மாடியில் அவரவர் திட்டிக்கொண்டிருந்ததால் யாரும் கவனிக்கவில்லை.

ஏறினவன் இறங்கினால் தண்ணீர் கொடுக்க வேண்டும். செல்வி கொடுப்பாள். அதற்குத்தான் இத்தனையும். இப்படி ஏழு தடவை ஆயிற்று. "கை ராசிக்காரன்டா நீ" என்றார் அவள் அப்பா. ஆனால் பெண் கொடுக்கிற பேச்சு வேறே. எண்ணூரில் கவர்மெண்டு எலக்ட்ரீஷியன் ஒருவனுக்குப் பேசி, ஒரு ஞாயிறு சாயங்காலம் பெண் பார்க்க வரச் சொல்லிவிட்டார்.

அன்று தேசிங்கு சோறு தின்னவில்லை.

"இன்னிக்கு வுட்டா போச்சு மாமு. அவன் எலக்ட்ரீசியன். டிவி போச்சுனா கண்டி அவனே ஏறுவான். அவன் மேல இருக்கச்சொல்ல படம் மட்டும் வந்துரக் கூடாது."

படத்தோடு பஜ்ஜியும் நடந்துகொண்டிருந்தபோது போட்டேன். புள்ளி கொட்டியது. மாப்பிள்ளை சட்டைக் கையை மடித்துக்கொண்டு மாடியில் தெரிந்தான். வடக்கே திருப்பினான். தெற்கே திருப்பினான். கம்பத்தை உலுக்கினான். காக்கா ஒன்று வந்து தலையில் தட்டிவிட்டுப் போனது. எலக்ட்ரீஷியன் ஆயிற்றே, இறங்குவேனா என்கிறான். பத்து நிமிஷம். இருபது நிமிஷம். காயிலைத் தொட்டேன். கை சுட்டது. ஈரச் சாக்கைச் சுற்றினேன். ஆவி வந்தது. இந்தத் தொழிலில் இருக்கிறவன் செய்யக் கூடாத தப்பு, காயிலை ஓயவிடாமல் ஓட்டுவது. பாய் தினமும் சொல்வது அதைத்தான். நிறுத்தினால் படம் வரும். படம் வந்தால் செல்வி அவனுக்கு. நிறுத்தவில்லை.

மூடி பிதுங்கியது. எண்ணெய் கக்கியது. டர் சத்தம் நின்றுபோயிற்று. மாப்பிள்ளை இன்னும் மாடியில்தான் இருந்தான்.

முடிந்தது என்று தரையிலேயே உட்கார்ந்துவிட்டேன். கீழே கைதட்டல் வரும் என்று காத்திருந்தேன். வரவில்லை.

"வுடு மாப்ள, எறங்கு. அத்தத் தொடாத, கம்பமே சாஞ்சிரும் போலக் கீது" என்றார் செல்வியின் அப்பா. அவன் கரியும் துருவுமாக இறங்கினான். தெருவில் தயாராக நின்ற தேசிங்கு ஏறினான். விரலால் தொட்டான். துண்டை உதறினான். பிடுங்குவதற்கு என்னிடம் ஒன்றும் இல்லை. ஆனாலும் படம் வந்தது.

எப்படி என்று எனக்குத் தெரியாது. தேசிங்கு ஓடிவந்து என்னைக் கட்டிப்பிடித்தான். அந்த நேரத்தில் காயில் செத்த கதையை எப்படிச் சொல்வது? அடுத்து மூன்று ஞாயிறு அவனை ஆன்டெனாவுக்குக் கூப்பிட்டார்கள். "ரெடியா மாமு?" என்பான். "ரெடி" என்பேன். செத்த காயில் பக்கத்தில் சும்மா உட்கார்ந்திருப்பேன். அவனே ஏறுவான், படமும் வரும், அப்புறம் எனக்கு டீயும் வரும். குடித்தேன். கடைசியில் செல்வியின் அப்பா, "இவன் வூட்டோட இருந்தா டிவிக்கு நல்லது" என்று சொல்லி ஒத்துக்கொண்டார். கல்யாணத்தன்று காயிலைத் துடைத்து, "இதோட வேல முடிஞ்சிது, நீயே வெச்சிக்க" என்று தேசிங்கிடம் கொடுத்தேன். அன்றிலிருந்து அவனுக்கு அது சாமி.

நான் பேசுகிற ஆள் இல்லை. ஆனால் போன பூஜையன்று அந்த வாடை என்னை விடவில்லை. சொல்லிவிட்டேன்.

தேசிங்கு கற்பூரத்தட்டைக் கீழே வைத்தான். "அப்ப செத்ததுக்கா மாமு வருசா வருசம் பூ வெச்சிகினு கீறேன்?"

செல்வி சுண்டலைத் தட்டில் போட்டுக்கொண்டிருந்தாள். தலை நிமிரவில்லை.

"ஒங்க கடைல டர்ருனு சத்தம் வரும், டிவில புள்ளி வரும். ரெண்டாவது வாரமே தெரியும் அண்ணே. அன்னிக்கு சத்தம் நின்னுச்சு, படம் வந்துச்சு. அந்தாளு இன்னும் மேல கீறான். டிவிக்குப் பின்னாடி ஆன்டெனா ஒயர் இருந்துச்சு இல்ல, எங்க நைனா திரும்பறதுக்குள்ள லேசா இழுத்து வுட்டேன். இந்த மனுசன் ஏறினப்புறம் சொருகினேன்."

இப்போது காசிம் பாய் கடை இருந்த இடத்தில் செல்போன் கவர் விற்கிறார்கள். காரில் அந்த மாதிரி காயில் இல்லை, கண்டென்சர் இல்லை. பொறியை என்னவோ ஒரு பெட்டி பார்த்துக்கொள்கிறது. வண்ணாரப்பேட்டையிலிருந்து மெட்ரோவில் வரும்போது மாடி மாடியாகப் பார்க்கிறேன். ஆன்டெனா ஒன்றுகூட இல்லை. இன்னொருத்தர் வீட்டு மாடியில் ஏற இப்போது பையன்கள் என்ன சாக்குச் சொல்கிறார்களோ.

பூஜையன்று தேசிங்கு மட்டும் விடவில்லை. "நான் ஏறுனது பதினோரு தடவ. இவன் மிஷினால படம் வந்தது ஏழுதான்றான். மிச்சம் எல்லாம் நீயா?" என்றான்.

செல்வி தட்டை இடுப்பில் இடுக்கிக்கொண்டு விரலைக் காட்டினாள்.

நாலு.