உப்புத் தண்ணி போதுமுங்க

என் வீட்டுக்காரருக்கு மரம் என்றால் தனிக் கிறுக்கு. பீளமேட்டில் ஒரு பவுண்டரியில் பேட்டர்ன் செய்கிறவராக இருந்தார். இரும்பை உருக்கி ஊற்றுவதற்கு முன்னால், வரப்போகிற சாமானை அச்சு அசலாக மரத்தில் செய்து கொடுக்க வேண்டும்; அதுதான் பேட்டர்ன். மயிரிழை பிசகினாலும் பம்பு பம்பாக இருக்காது என்பார். அந்தக் கறாரை வீட்டிலும் காட்டுவார். நான் சுட்ட தோசை வட்டமாக இல்லை என்று சொன்ன ஒரே மனிதர் அவர்தான். அன்றைக்கு அடுத்த தோசையை அவரே சுட்டுக்கொண்டார்.

பக்கவாதம் வந்ததில் இடது கால் பேச்சைக் கேட்காமல் போயிற்று. கைகள் நல்லவேளையாகத் தப்பின. வாக்கரைப் பிடித்து நடக்கப் பழகினார். சிமென்ட் தரையில் பிரச்சினை இல்லை, மணலில்தான் வாக்கரின் கால் புதைந்துவிடும். கோயமுத்தூர்க்காரர்களுக்கு மணல் எங்கிருந்து வந்தது என்றால், மகளால் வந்தது. அவள் நாகப்பட்டினம் பக்கம் ஒரு கடலோர ஊரில் அரசு ஆஸ்பத்திரி நர்ஸ். அவள் வாடகைக்குப் பிடித்த வீட்டின் கொல்லைக் கதவைத் திறந்தால் மணல், அதற்கப்பால் கடல். நாங்கள் முதல் முறை போனபோது அக்கம்பக்கத்து ஆட்கள் இவரைப் பிளாஸ்டிக் நாற்காலியோடு தூக்கிக்கொண்டு போய் அலைக்குப் பக்கத்தில் வைத்தார்கள். நல்ல மனசோடுதான் செய்தார்கள். இவரோ குனிந்த தலை நிமிரவில்லை. ஊர் திரும்பும்போது வாயைத் திறந்தார்.

"சாமி ஊர்வலமாட்டத் தூக்கீட்டுப் போறாங்க அம்மணி. நானா நடந்து போறதுன்னா போறேன். இல்லாட்டி அந்தக் கடலே எனக்கு வேண்டாம்."

எனக்கு அழுகையும் வந்தது, கோபமும் வந்தது. இவர் கூப்பிட்டால் கடல் பஸ் ஏறி காந்திபுரத்துக்கா வரும்?

கடல் வரவில்லை, பலகைகள் வந்தன. மகள் வீட்டுக் கொல்லைக் கதவிலிருந்து அலை வரைக்கும் மணல்மேல் பலகைப் பாதை போட்டு, அதில் வாக்கரோடு நடந்து போவது என்று முடிவு கட்டிவிட்டார். ஒருநாள் காலையில் ஆட்டோ பிடித்து மரக்கடைக்குப் போனோம். இடித்த வீடுகளின் பழைய தேக்கு உத்தரங்களை வாங்கி விற்கும் பாய் ஒருவர் இவருக்குப் பல காலப் பழக்கம்.

"கடலோரத்துக்குங்களா? அப்ப வார்னிஷ் அடிச்சுப்போடாதீங்க. உப்புக் காத்துல பட்டை பட்டையா உரிஞ்சுக்குமுங்க. எண்ணெய் குடுங்க, மரம் குடிக்கட்டும்" என்றார் பாய்.

"ஆமாங்க. போல்ட்டும் பூரா துருப்புடிக்காத எஸ்.எஸ். தானுங்க. சாதா இரும்பு ஒண்ணுகூட வேண்டாமுங்க" என்றார் இவர்.

இரண்டு பேரும் மாறி மாறி மரியாதை கொடுத்துப் பேசி முடிப்பதற்குள் எனக்குப் பசி வந்துவிட்டது.

கார் நிறுத்தும் இடம் பட்டறையாயிற்று. இவர் ஸ்டூலில் உட்கார்ந்து அறுப்பார், துளை போடுவார். தூக்கிப் பிடிப்பதும் திட்டு வாங்குவதும் என் வேலை. மணலும் தண்ணீரும் கீழே விழுந்துவிட, பலகைக்கும் பலகைக்கும் நடுவே இடைவெளி வேண்டும். ஆனால் வாக்கரின் ரப்பர் முனை அதில் இறங்கிவிடக் கூடாது. அந்த முனையையே வைத்து வைத்து அளந்தார். மரம் தண்ணீரை அதிகம் உறிஞ்சுவது வெட்டுமுனையில்தான் என்று, ஒவ்வொரு முனைக்கும் எண்ணெயை ஊட்டிக்கொண்டே இருந்தார். மனிதர் எனக்கு ஒரு வாய் காபி ஊட்டியதில்லை. ஆனால் அந்த நாட்களில் அவர் முகத்தில் பழைய களை திரும்பியதைப் பார்த்து, அடுத்த எண்ணெய் டப்பாவை நானே திறந்து கொடுத்தேன்.

பாதையைத் துண்டு துண்டாக லாரியில் ஏற்றி அனுப்பினோம். மகள் ஆள் வைத்து மணலில் பரப்பி போல்ட் முடுக்கிவிட்டாள். நாங்கள் கிளம்புவதற்குள் மழை பிடித்துக்கொண்டது, இவருக்குக் கால் பயிற்சியும் பாக்கி இருந்தது. கடலோரத்தில் மரத்தின் மேல் உப்பு படிந்துகொண்டே இருக்கும். அது ஈரத்தை இழுத்து வைத்துக்கொண்டு மரத்தைக் காயவே விடாது. அதனால் அடிக்கடி கழுவிவிட வேண்டும். மகளுக்கு நேரங்கெட்ட டியூட்டி. பக்கத்து வீட்டில் கருவாடு காயப்போடும் அக்கா, தானே கழுவிவிடுவதாகச் சொன்னார். இவர் போனில் அவரிடம் பேசினார்.

"வாரம் ஒருக்கா கழுவி உட்டாப் போதுமுங்க. நல்ல தண்ணியெல்லாம் வேண்டாமுங்க, பாவம் நீங்க எங்க போய்த் தூக்குவீங்க? உப்புத் தண்ணி போதுமுங்க."

"சரிண்ணே" என்றார் அக்கா.

மழைக்காலம் முடிந்து சில வாரம் கழித்துத்தான் போக முடிந்தது. கொல்லைக் கதவைத் திறந்தவர் அப்படியே நின்றுவிட்டார். பாதை முழுக்கச் சாம்பல் பூத்திருந்தது. இடைவெளிகளில் வெள்ளை வெள்ளையாக உப்பு. வெயில் அடித்தும் பலகை சொதசொதவென்று இருந்தது. கையால் தடவினால் நனைந்த சாக்கைத் தடவுகிற மாதிரி நார் நாராக எழும்பியது. கடல் காற்று செய்த வேலை என்று மகள் நினைத்திருந்தாளாம்.

"இதை எதுலீங்க கழுவுனீங்க?" என்று அக்காவைக் கேட்டார்.

"ஒரு வாரம் விடலண்ணே. கடல்லேர்ந்து குடம் குடமா மோந்து ஊத்தினேன். நீங்கதானே உப்புத் தண்ணி போதும்னீங்க?"

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. எங்கள் ஊரில் வீட்டுக்கு இரண்டு குழாய். சிறுவாணி ஆற்றுத் தண்ணீர் வருவது நல்ல தண்ணி, நிலத்தில் துளை போட்டு எடுக்கிற போர் தண்ணி உப்புத் தண்ணி. நல்ல தண்ணியில் வண்டி கழுவுகிறவனைத் தெருவே திட்டும். உப்புத் தண்ணி என்றால் எங்களுக்குப் போர் குழாய்தான். கடல் ஞாபகத்துக்கே வராது. அக்காவுக்குச் சிரமம் வேண்டாமே என்று இவர் காட்டிய மரியாதை, அவரை வாரா வாரம் கடலுக்கும் வீட்டுக்கும் குடம் சுமக்க வைத்திருக்கிறது.

மகள் விளக்கிச் சொன்னதும் அக்கா வாயைப் பொத்திக்கொண்டார். "ஐயையோ! படகெல்லாம் கடல்லதானே கெடக்கு, அண்ணன் மர வேலை தெரிஞ்சவங்க, சொன்னா சரியாத்தான் இருக்கும்னுல்ல நெனச்சேன்" என்றார். கண் கலங்கிவிட்டது அவருக்கு.

"உங்க மேல தப்பே இல்லீங்க. எங்கூருக் குழா மேலதான் தப்பு" என்றார் இவர்.

சொல்லிவிட்டுச் சிரிக்கவும் செய்தார். ஆனால் கண் பாதையின் மேலேயே இருந்தது. பலகை வழுக்குகிறது, வாக்கர் நிற்காது, கால் வைக்கவே கூடாது என்று மகள் கண்டிப்பாகச் சொல்லிவிட்டாள். விஷயம் தெரிந்து அக்கம்பக்கத்து ஆட்கள் பழைய நாற்காலியோடு வந்தார்கள். இவர் கையெடுத்துக் கும்பிட்டு அனுப்பிவிட்டார்.

"இத்தனை தூரம் வந்து, கொல்லையில உக்காந்து அலைச் சத்தத்தைக் கேட்டுப்போட்டுப் போறதுங்களா?" என்று கத்தினேன். அவர் என்னைப் பிடித்து மெதுவாக இறங்கி, முதல் பலகையில் காலை நீட்டி உட்கார்ந்தார்.

"நல்ல தண்ணி கொண்டா அம்மணி. தேங்கா நாரும் கொண்டா."

தெருக்கோடி அடிபம்பில் தண்ணீர் நன்றாக இருக்கும். நானும் அக்காவும் சுமந்தோம். இவர் உட்கார்ந்தபடியே நாரால் தேய்த்து, கழுவி, ஒரு பலகை முடிந்ததும் அடுத்ததற்கு நகர்ந்தார். கழுவின பலகை வெயிலில் காய்ந்த பிறகு, மறுபடி அதில் உட்கார்ந்து எழும்பிய நாரை உப்புத்தாள் வைத்து இழைத்தார். அந்தத் தாளின் பெயரை அக்கா முன்னால் சொல்லாதீர்கள் என்று மகள் என் காதைக் கடித்தாள். ஸ்பேனரைப் போட்டு ஒவ்வொரு போல்ட்டாகத் திருகிப் பார்த்தார். ஒன்றும் அரிக்கவில்லை. உள்ளே மரமும் கெட்டியாகத்தான் இருந்தது. கெட்டது மேல்தோல் மட்டும்தான் என்று அவர் சொன்னபோதுதான் எனக்கு மூச்சு வந்தது.

தினமும் கொஞ்சம் கொஞ்சமாக வேலை நடந்தது. காலையில், இழைத்து முடித்த பலகைகளில் வாக்கரோடு நடந்து போவார். விட்ட இடத்தில் உட்காருவார். வேலை மும்முரத்தில் தலையைத் தூக்கவே மாட்டார். சாப்பிடக் கூப்பிட்டால் எரிந்து விழுவார். எண்ணெயைக் கடைசியில் மொத்தமாகப் பூசிக்கொள்ளலாம் என்று ஏற்பாடு.

கிளம்புவதற்கு முன்னால் ஒரு மத்தியானம், நானும் அக்காவும் அடுக்களையில் மீன் கழுவிக்கொண்டிருந்தோம். வெளியிலிருந்து கூப்பிட்டார். குரல் ஒரு மாதிரி இருந்தது. விழுந்துவிட்டாரோ என்று கையைக்கூடத் துடைக்காமல் ஓடினேன்.

பாதையின் கோடியில் உட்கார்ந்திருந்தார். தாள் கையிலேயே இருந்தது. இரண்டு காலும் முட்டிவரை நனைந்திருந்தன. அடுத்த அலை எழும்பி வந்துகொண்டிருந்தது.

"பலகை தீந்துபோச்சு அம்மணி" என்றார்.