பிள்ளை இன்னும் போடலியே

தொண்ணூறுகளில் நான் தச்சநல்லூரில் ஒரு குழந்தைகள் காப்பகத்தில் எழுத்தராக இருந்தேன். ஜங்ஷனில் தனியே திரியும் பிள்ளைகளை எங்களிடம் அழைத்து வருபவர் ரயில்வே போலீஸ் ஏட்டு ஒருவர். வெற்றிலைக் காவி ஏறிய பல், பெல்ட்டுக்கு அடங்காத வயிறு. எங்கள் கண்காணிப்பாளர் ஆசையாய் எதிர்பார்க்கும் சல்யூட்டை மட்டும் அவர் ஒருநாளும் அடித்ததில்லை. கைகூப்பி ஒரு வணக்கம், அவ்வளவுதான்.

பிள்ளையை ஒப்படைத்து ரசீது வாங்கியதும் மற்ற போலீஸ்காரர்கள் கிளம்பிவிடுவார்கள். இவர் பெஞ்சில் உட்கார்ந்துவிடுவார்.

ஒருநாள் ஐந்து வயதுச் சிறுமி ஒருத்தியோடு வந்தார். அவள் வாயே திறக்கவில்லை. ஊர் என்ற இடத்தில் ‘தெரியவில்லை’ என்று எழுதி, கையெழுத்துப் போட்டு ரசீதை நீட்டினேன். அவர் நகரவில்லை.

“கையெழுத்துப் போட்டாச்சே ஏட்டையா, இன்னும் என்ன?”

“நீரு போட்டுட்டீரு. பிள்ளை இன்னும் போடலியே, வே.”

அவர் வாங்கி வந்திருந்த இட்லியை அவள் மெல்லத் தின்றாள். மூன்றாவது இட்லியில், “எங்க ஊரு சேர்மாதேவி” என்றாள். பிறகு அவரை நிமிர்ந்து பார்த்து, “நீங்க போயி எங்கம்மைய கூட்டிட்டு வாங்க” என்றாள்.

ரயில் நிலையத்தைத் தாண்டினால் அது அவர் வேலையே இல்லை. “சேர்மாதேவி போலீஸ் ஸ்டேஷனுக்கு நீரு போன் போடும். நான் பஸ் ஏறுதேன்” என்று என்னிடம் சொல்லிவிட்டு எழுந்தார். தொப்பியைச் சரிசெய்து, குதிகாலைச் சேர்த்து, அந்தச் சிறுமிக்கு விறைப்பாக ஒரு சல்யூட் அடித்தார்.

அவளுக்குப் பின்னாலிருந்த தன் அறையிலிருந்து அப்போதுதான் வெளியே வந்த கண்காணிப்பாளர் முகம் மலர்ந்து பதில் சல்யூட் வைத்தார்.

அன்று மாலையே அம்மா வந்து சேர்ந்தாள். அந்த சல்யூட் யாருக்கு என்பதைக் கண்காணிப்பாளரிடம் நான் இன்றுவரை சொல்லவில்லை.