ஏழாவது தாள்

என் அப்பா வாஞ்சிநாதனுக்குக் கல்கத்தாவில், கிடர்பூர் துறைமுகத்தில் வேலை. கடலோடு சேர்ந்து ஹூக்ளி நதி ஏறுவதையும் இறங்குவதையும் அளந்து பதிவேட்டில் எழுதுவார். மீதி நேரமெல்லாம் தன் சொந்தக் கணக்கு. நட்சத்திரங்களுக்கு ஒரு விதி, அணுவுக்குள் இன்னொரு விதி என்று இயற்பியல் இரண்டாகக் கிடப்பது அவருக்குப் பொறுக்கவில்லை. இரண்டையும் சேர்த்தால் விடை முடிவிலியாகிவிடும். பெரிய பெரிய ஆட்களே அங்கேதான் நின்றிருந்தார்கள். 1987இல் அப்பாவின் நோட்டில் முடிவிலிகள் ஒன்றையொன்று கழித்துக்கொண்டு மறைந்தன. அந்த விடையின் மேல் பதினைந்து வருடம் கட்டினார்.

அலுவலகத்து வங்காளிகள் கேலியாக வைத்த பெயர் "புரொபசர்தா", புரொபசர் அண்ணன். வீட்டில் அம்மா தமயந்தி, "உங்க பிரபஞ்சம் சாப்பிட வருதா, இல்ல ரசத்தை மூடி வைக்கட்டுமா?" என்பாள். ஐம்பது இடங்களுக்காவது கட்டுரையை அனுப்பியிருப்பார். ஒருவரும் பதில் போடவில்லை. யாராவது ஒருவர் முழுதாகப் படித்தால் போதும் என்பதுதான் அவர் கேட்டது. 2001இல் விருப்ப ஓய்வு வாங்கிக்கொண்டு வீட்டில் உட்கார்ந்தார்.

அடுத்த வருடம் வடக்கு கல்கத்தாவில் ஓர் ஆய்வு நிலையம் இருபது நிமிடம் பேச அனுமதித்தது. நான் அப்போது எம்.எஸ்ஸி. இயற்பியல் படித்துக்கொண்டிருந்தேன். எழுத்து நன்றாக இருக்கும் என்பதால் விளக்குப் பெட்டியில் வைத்துத் திரையில் காட்டும் கண்ணாடித் தாள்களில் சமன்பாடுகளை எழுதும் வேலை எனக்கு. அதுவரை அவர் நோட்டுகளை நான் திறந்ததே இல்லை.

ஏழாவது தாளில் என் பேனா நின்றது.

அப்பா நூலகப் புத்தகங்களிலிருந்து சமன்பாடுகளை மட்டும் நோட்டில் எழுதிக்கொண்டு திருப்பிக் கொடுத்துவிடுவார். முன்னுரையை எழுதிக்கொள்ள மாட்டார். ஈர்ப்புக்கு ஒரு புத்தகம், அணுவுக்கு வேறொன்று. ஒன்று காலத்துக்குக் கூட்டல் குறி போட்டது, மற்றது கழித்தல். இரண்டுமே சரிதான், ஆனால் கலக்கக் கூடாது. எந்தக் குறி என்று சொல்லும் பக்கம் முன்னுரையில் இருந்தது.

"அப்பா, இந்தக் குறியைக் கொஞ்சம் பாருங்க."

பார்த்தார். பென்சிலை எடுத்து, ஒரே குறியில் மறுபடி போட்டார். முடிவிலிகள் கழியவில்லை, கூடின. பென்சிலைக் கீழே வைத்தார்.

"அங்க கண்டுபிடிச்சிடுவாங்களா?"

"பார்த்தா உடனே தெரியும்பா."

"அப்ப இருக்கிறபடியே எழுது."

"வேண்டாம்பா. போகவே வேண்டாம்."

"எழுதும்மா."

வியாழக்கிழமை நானும் போய்க் கடைசி வரிசையில் உட்கார்ந்தேன். ஒன்பது பேர் வந்திருந்தார்கள். அப்பா இஸ்திரி போட்ட சட்டையில் நிதானமாகப் பேசினார். ஏழாவது தாளை வைத்தார். பேச்சை நிறுத்தினார். விளக்குப் பெட்டியின் விசிறிச் சத்தம் மட்டும் கேட்டது. முன்வரிசையில் ஒருவர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். இன்னொருவர் ஏதோ விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்தார். அப்பா அந்தக் குறியின் மேல் விரலை வைத்தார். திரையில் விரலின் நிழல் பெரிதாக விழுந்தது. நான் எழுந்து தவறைச் சொல்லியிருக்கலாம். எழுந்திருக்கவில்லை. பிறகு அவர் எட்டாவது தாளை வைத்தார்.

முடிந்ததும் கைதட்டினார்கள். "கூப் பாலோ," ரொம்ப நல்லது என்றார் தலைவர். கேள்வி இல்லை. சிங்காரா என்கிற வங்காளத்து சமோசாவும் டீயும் கொடுத்தார்கள்.

திரும்பும்போது மெட்ரோவில் இடம் கிடைத்தது. தாள்கள் அப்பாவின் மடியில் இருந்தன.

"ஏழாவதுல ரெண்டு நிமிஷம் நின்னேன்."

"பார்த்தேன்பா."

"தப்புன்னுகூட யாரும் சொல்லலை."

நாங்கள் இறங்க வேண்டிய காளிகாட் வந்தது. நான் எழுந்தேன். அவர் எழுந்திருக்கவில்லை, மறுபடி உட்கார்ந்தேன். டாலிகஞ்சில், வண்டி இதற்குமேல் போகாது என்று காவலர் வந்து சொல்லும்வரை இருவரும் உட்கார்ந்திருந்தோம்.