துவக்கு ஏந்திய சம்மனசு

சுவிட்சர்லாந்தின் பேர்ண் நகரில் ஓர் அருங்காட்சியகத்தின் இரண்டாம் மாடியில், இறக்கை முளைத்த ஒருவர் துப்பாக்கியோடு நிற்கிறார். ஸ்பெயின்காரர்கள் ஆண்ட காலத்தில் பெரு நாட்டில் யாரோ வரைந்த சம்மனசு, அதாவது தேவதூதர். சரிகை அங்கி, முழங்கை வரை லேஸ், தொப்பியில் சிவப்பு இறகு. அந்த ஊர் மக்கள் துப்பாக்கிச் சத்தத்தில் தங்கள் பழைய இடிக்கடவுளைக் கேட்டார்கள் என்று சுவரில் எழுதியிருக்கிறது. நான் நோட்டில் ‘இடி’ என்று குறித்துக்கொள்கிறேன்.

நோட்டில் தமிழ் எழுத்தைப் பார்த்துவிட்டு மூலையில் நின்ற காவலர் அருகில் வருகிறார். அறுபதை நெருங்கும் இலங்கை மன்னார்க்காரர், கத்தோலிக்கர்.

“இந்தியாவோ?”

“ஆமாண்ணா, மதுரை. சம்மனசு கையில துப்பாக்கி இருக்குறது உங்களுக்கு ஒரு மாதிரியா இல்லையா?”

அவர் படத்தைப் பார்த்து முதலில் சிலுவை அடையாளம் போட்டுக்கொள்கிறார்.

“நல்லாப் பழகின ஆள். விரலைப் பாருங்கோ, விசையிலை இல்லை. வெளியிலை நீட்டி வைச்சிருக்கிறார். புது ஆக்கள் எண்டால் துவக்கைத் தூக்கின உடனை விரலை உள்ளுக்கை விட்டிடுவினம்.”

குனிந்து பார்க்கிறேன். தடுப்புக் கயிற்றைத் தாண்ட வேண்டாம் என்கிறார். விரல் வெளியில்தான் இருக்கிறது. சுவரில் இதைப் பற்றி ஒரு வரியும் இல்லை.

“உங்களுக்குத் துப்பாக்கியெல்லாம் தெரியுமாண்ணா?”

“தெரியாது,” என்கிறார். “அகதி விசாரணையிலை அதிகாரிகளும் இதைத்தான் கேட்டவை. தெரியாதெண்டு கையெழுத்து வைச்சுக் குடுத்திருக்கிறன்.”