முப்பத்தோராம் நாள் விளக்கு

எனக்கு எழுபத்தொரு வயது. ஏழு பிள்ளைகளை வளர்த்தேன். அதில் ஐந்துதான் நான் பெற்றது. மற்ற இரண்டும் தாயில்லாமல் என் கைக்கு வந்தவை. எது எது என்று யாராவது கேட்டால் நான் சொல்ல மாட்டேன். ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடம் முடிந்தது. ஒரு பக்கம் எழுத எனக்கு ஒரு பகல் வேண்டும். அவசரம் இல்லை. அறுபது வருஷம் காத்திருந்த கதை இன்னும் நாலு நாள் காத்திருக்கும்.

ஐயா, எங்கள் தகப்பன், பொய் சொல்லாதவர். கள் குடிக்காதவர். யாழ்ப்பாணத்தில் இருந்து அம்மாவையும் அண்ணனையும் என்னையும் கூட்டிக்கொண்டு, குளத்துக்குக் கீழே வயற்காணி கிடைக்கிறதென்று கிளிநொச்சிப் பக்கம் வந்தவர். அது காடு வெட்டிய புதிசு. சுற்றவர எல்லா வீட்டு வேலியிலும் மான் இறைச்சி வற்றல் தொங்கும். வந்த இரண்டாம் வருஷம் ஐயா தீட்சை எடுத்தார். அன்றைக்கே மீன் காய்ச்சுகிற மச்சச் சட்டியைக் குசினி அடுப்படியால் தூக்கிக்கொண்டு போய் வீட்டுக்கு முன் ஒழுங்கையில் போட்டு உடைத்தார். அம்மா உடைந்த ஓடுகளைப் பொறுக்கினா. குளத்தில் மீன் துள்ளுகிற சத்தம் கேட்கும் வீட்டில் இருந்துகொண்டு நாங்கள் பருப்பும் கீரையும் தின்றோம்.

மச்சத்தோடு அது நிற்கவில்லை. அம்மா வெற்றிலை போடக்கூடாது. எனக்குச் சிவப்பு ரிப்பன் கூடாது. தேத்தண்ணிக் கடையில் ரேடியோ பாடினால், அதைக் கடக்கும்வரை நாங்கள் காதைப் பொத்த வேண்டும். வெள்ளிக்கிழமைகளில் உரத்துச் சிரிக்கக்கூடாது. ஏன் வெள்ளிக்கிழமை என்று நான் கேட்டதில்லை. மற்ற நாட்களிலும் சிரிக்க அதிகம் இருக்கவில்லை.

எல்லாவற்றிலும் பெரிய ஒழுங்கு விளக்கு வைத்த பிறகு நடக்கும். சாமிப்படத்துக்கு முன்னால் அண்ணனும் நானும் நின்று, அன்றைக்குச் செய்த பிழையையும் பார்த்த பிழையையும் சொல்ல வேண்டும். செய்ததை மட்டுமல்ல, பார்த்ததையும். ஒளித்தால் செய்தவனுக்குரிய பாவம் ஒளித்தவனுக்கும் வரும் என்று ஐயா சொல்லியிருந்தார். அண்ணனுக்குப் பதினொரு வயது. அவன் இதற்கு ஒரு வழி கண்டுபிடித்து வைத்திருந்தான். ஒவ்வொரு நாளும் ஒரே பிழைதான் சொல்வான்: "அணிலுக்குக் கல்லெறிஞ்சனான்." எங்கள் வீட்டு வளவில் அத்தனை அணில் இருந்ததா என்பது எனக்கு இன்றைக்கும் சந்தேகம். நான் அப்படியில்லை. எனக்கு ஒன்பது வயது. எதிலும் முதலாம் பிள்ளையாக நிற்க வேண்டும். பக்கத்து வீட்டுக்காரி பொய் சொன்னது, அண்ணன் உண்மையில் எறிந்தது அணிலுக்கல்ல மாங்காய்க்கு என்பது, எல்லாவற்றையும் நாளும் பொழுதும் தவறாமல் ஒப்புவிப்பேன். ஐயா என் தலையைத் தடவுவார். அவர் யாரையும் தொட்டுக் கதைக்கிற மனிதர் அல்ல. அந்தக் கை எனக்குப் பெரிய காரியம்.

அந்த வருஷம் தம்பி பிறந்தான். பிள்ளை பெற்ற வீட்டில் முப்பத்தொரு நாள் துடக்கு, தீட்டு. சாமிப்படத்துக்குச் சேலைத் துண்டால் திரை போட்டார்கள். விளக்கு இல்லை, அதனால் பிழை சொல்வதும் இல்லை. அண்ணன் விடுதலை பெற்றவன் மாதிரித் திரிந்தான். எனக்குத்தான் கை முறிந்தது போல இருந்தது.

அம்மாவுக்குப் பால் ஊறவில்லை. மருத்துவிச்சி வந்து பார்த்துவிட்டு, சுறா வறுத்துக் கொடுக்கச் சொன்னா. பிள்ளை பெற்ற பச்சை உடம்புக்கு ஊரெல்லாம் அதுதான் கொடுப்பது.

"இந்த வீட்டுக்குள்ள மச்சம் வராது" என்றார் ஐயா.

"மச்சம் வராட்டிப் பாலும் வராது, ஐயா" என்று சொல்லிவிட்டு மருத்துவிச்சி வெற்றிலையைத் துப்ப வேலிப் படலையைத் திறந்துகொண்டு வெளியே போனா.

பசுப்பாலில் தண்ணீர் கலந்து கொடுத்துப் பார்த்தார்கள். தம்பியின் வயிறு தாங்கவில்லை. ஆறாம் நாள் அவனுடைய அழுகை பூனைக்குட்டியின் சத்தம் போல மெலிந்துவிட்டது.

எங்கள் வளவுக்குப் பின்னால் மலைநாட்டில் இருந்து வந்த ஒரு குடும்பம் குடிசை போட்டிருந்தது. தேயிலைத் தோட்டத்தை விட்டு வந்தவர்கள். வயலில் கூலி வேலை. அவர்கள் எங்கள் கிணற்றில் வாளி போட ஐயா விடமாட்டார். நாங்கள் அள்ளி அவர்களுடைய குடத்தில் ஊற்ற வேண்டும், குடத்தில் எங்கள் வாளி முட்டக்கூடாது. அந்த வீட்டு அக்காவுக்கு ஆறு மாதப் பெண்பிள்ளை ஒன்று. ஏழாம் நாள் விடிய, ஐயா குளத்துக்குக் குளிக்கப் போன நேரம், அக்கா பின்பக்கத்தால் வந்தா. யாரும் கூப்பிட்டதாக எனக்குத் தெரியாது. அம்மா படுத்திருந்த பாயிலேயே குந்தி, தம்பியைத் தூக்கி மடியில் போட்டா.

"பசியில கண்ணு சொருகிப் போச்சுங்கம்மா. குடிக்கட்டும். என்னோடது வீட்டுல தூங்குது, அதுக்கும் மிஞ்சும்" என்றா.

தம்பி குடித்த சத்தம் எனக்கு இன்னும் காதில் இருக்கிறது. அம்மா சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டு அழுதா. பிறகு வாசலில் நின்ற என்னைக் கண்டா.

"பிள்ளை, கண்டது உன்னோட இருக்கட்டும் என்ன?"

நான் தலையாட்டினேன். ஆட்டிவிட்டு, இதையும் பிழைகளோடு சேர்த்துக்கொண்டேன்: அம்மா ஒளிக்கச் சொன்னது.

அக்கா ஒவ்வொரு நாளும் விடிய வந்தா. தம்பிக்குக் கன்னத்தில் சதை வைத்தது. கைமணிக்கட்டில் ஒரு மடிப்பு விழுந்தது. ஐயா ஒருநாள் அவனைக் குனிந்து பார்த்து, "பிள்ளையார் கைவிடேல்லை" என்றார். அண்ணனுக்கும் எல்லாம் தெரியும். அவன் அந்த நேரம் பார்த்து மாட்டை அவிழ்க்கப் போய்விடுவான்.

முப்பத்தோராம் நாள் ஐயர் வந்து தீர்த்தம் தெளித்தார். தம்பிக்குத் தலை வழித்தார்கள். பின்னேரம், ஊரில் கோயில் கட்டுவிக்கிற பெரியவர்களில் இரண்டு பேர் வீட்டில் நின்றார்கள், ஒருவர் அவர்களுடைய தலைவர். பிள்ளையார் கோயிலின் திறப்பை, அந்தச் சாவியை, யாரிடம் கொடுப்பது என்ற கதை அப்போது நடந்துகொண்டிருந்தது. ஐயாவுக்கு என்று ஏறக்குறைய முடிவாகிவிட்டது. திரையை எடுத்து விளக்கு ஏற்றினார்கள். ஒரு மாதம் இருண்டு கிடந்த அறை வெளிச்சமாக இருந்தது.

"எங்கட பிள்ளையள் ஒளிக்காமல் சொல்லுவினம். நீங்களே கேளுங்கோவன்" என்றார் ஐயா. அவர் பெருமைப்பட்டு நான் கண்டது அந்த ஒருநாள்தான்.

அண்ணன் அணிலைச் சொன்னான். தலைவர் சிரித்தார். நான் முன்னுக்கு வந்தேன். ஒரு மாதத்துப் பிழைகளை ஒழுங்காக அடுக்கி வைத்திருந்தேன். சின்னதில் தொடங்கினேன். சீனி களவெடுத்தது, அண்ணன் வாய்க்காலில் மூத்திரம் பெய்தது.

"சரி, போதும் பிள்ளை" என்றார் ஐயா.

"இன்னும் இருக்கு ஐயா."

"போதும். போய்ச் சாப்பிடு."

அண்ணன் என் காலை மிதித்தான். "விசரி, வாயைப் பொத்தடி" என்று பல்லுக்குள் சொன்னான். தலைவரோ, "விடுங்கோ, சொல்லட்டும். பிள்ளை வடிவாய்ச் சொல்லுது" என்றார். எனக்கு அவ்வளவே போதுமாக இருந்தது.

"பின்வீட்டு மலைநாட்டு அக்கா ஒவ்வொருநாளும் விடிய வந்து தம்பிக்குப் பால் குடுக்கிறவா. அம்மா ஒருத்தருக்கும் சொல்ல வேண்டாம் எண்டவா."

உள்ளே அம்மா தம்பியைத் தட்டிக்கொண்டிருந்த சத்தம் நின்றது. தலைவர் ஐயாவைப் பார்த்தார். "உங்கட வீட்டிலயோ?" என்று கேட்டார். கோபமாகக்கூடக் கேட்கவில்லை.

ஐயா எழுந்து அறை வாசலுக்குப் போனார். "இனி அந்த மனுசி இந்த வளவுக்குள்ள கால் வைக்கப்படாது" என்றார். பிறகு ஐயர் வைத்துவிட்டுப் போன தீர்த்தத்தை எடுத்து வீடு முழுக்க மறுபடி தெளித்தார். தலைவர் எனக்கு ஒரு வடை எடுத்துத் தந்து, "இதல்லோ பிள்ளை" என்றார். நான் அதைத் தின்றேன். நல்ல வடை.

அடுத்த நாள் ஐயா குளத்துக்குப் போகவில்லை. பின்வேலியை முள்ளுக் கொப்பால் அடைத்துவிட்டுக் கிணற்றடியில் நின்றார். அக்கா வந்து வேலிக்கு அந்தப் பக்கம் நின்றா. உள்ளே தம்பி கத்துகிறான். அவன் கத்தக் கத்த அக்காவின் சட்டை முன்பக்கம் நனைந்தது.

"அம்மா, நா உள்ள வரல. புள்ளய மட்டும் வேலிக்கு மேலால குடுங்கம்மா. இங்கயே நின்னுக்கிட்டுக் குடுத்துட்டுத் தந்துர்றேன்."

அம்மா வாசல்வரை வந்தா. ஐயாவைப் பார்த்தா. ஐயா வாளியைப் பார்த்தார். வெயில் ஏறும்வரை அக்கா நின்றுவிட்டுப் போனா. மூன்று நாள் அப்படி வந்தா. நாலாம் நாள் வரவில்லை.

ஐயா டவுனுக்குச் சைக்கிளில் போய்ப் பால்மாத் தகரப்பேணி வாங்கிவந்தார். தம்பிக்கு வயிற்றோட்டம் பிடித்துக்கொண்டது. மாரி தொடங்குமுன் தம்பியைப் புதைத்தார்கள். கோயில் திறப்பு ஐயாவிடம்தான் வந்தது. முப்பது வருஷம் வைத்திருந்தார். அவர் செத்தபோது நினைவுமலரில் ஒழுக்கசீலர் என்று அச்சடித்தார்கள். பிழை சொல்ல முடியாது.

அம்மா எனக்கு ஒரு அடி அடிக்கவில்லை. அடுத்த நாளும் எண்ணெய் வைத்துத் தலை வாரி இழுத்து விட்டா.

அதற்குப் பிறகு நான் எத்தனையோ ஒழுக்கக்காரரைப் பார்த்துவிட்டேன். திருநீற்றோடு வந்தார்கள், வேதப் புத்தகத்தோடு வந்தார்கள், ஒன்றும் இல்லாமல் வெறும் சட்டதிட்டத்தோடும் வந்தார்கள். எல்லாரும் முதலில் எட்டிப் பார்த்தது பெண்டுகளின் குசினியைத்தான். போன வருஷம் பேத்தியின் புருஷன் ஒரு சபையில் சேர்ந்து, பிள்ளை பெற்றவளை ஏழு நாள் உபவாசம் இருக்கச் சொன்னான். நான் புதுக்குடியிருப்புச் சந்தைக்கு பஸ் ஏறிப் போய்ச் சுறா வாங்கிவந்து, அவன் கண்ணுக்கு முன்னால் வறுத்தேன். "அம்மம்மா, இது கர்த்தருக்கு விருப்பமில்லை" என்றான். "அவரை வரச் சொல்லு, நான் கதைக்கிறன்" என்றேன்.

அம்மா அந்தக் கதையை நாற்பத்தைந்து வருஷம் எடுக்கவில்லை. யுத்தத்தில் கடைசி இடப்பெயர்வுக்குப் பிறகு, முகாமில், தறப்பாள் கூரைக்குக் கீழே கிடக்கும்போதுதான் சொன்னா. பக்கத்துக் கொட்டிலில் ஒரு குழந்தை பாலுக்குக் கத்திக்கொண்டிருந்தது.

"கொப்பருக்குத் தெரியும், பிள்ளை."

"ஐயாவுக்கு என்ன தெரியும்?"

"அவள் வாறது. குளத்தால வரேக்கை படலையடியில நிண்டு மூண்டு தரம் செருமுவார். அவள் எழும்பிப் போக நேரம் விட்டுத்தான் உள்ள வருவார். ஒருநாளும் செருமாமல் வரேல்லை."

அன்றைக்கு இரவு நான் நித்திரை கொள்ளவில்லை. அவர் போதும் என்றது ஏனென்று அப்போதுதான் விளங்கியது. ஒன்பது வயதில் நான் நினைத்தது வேறு: ஒளிக்கிறேனா என்று ஐயா என்னைச் சோதிக்கிறார், நான் தோற்கக்கூடாது. அந்தப் போதும் ஒரு கெஞ்சல் என்று எனக்குத் தெரியவில்லை. ஐயாவைப் போல ஒரு மனிதர் கெஞ்சுவார் என்றே எனக்குத் தெரியாது.

தெரிந்ததற்காக அவரை மன்னித்தேன் என்று யாரும் நினைக்க வேண்டாம். தெரியாமல் தடுத்திருந்தால் ஒருவேளை மன்னித்திருப்பேன். தெரிந்துகொண்டு, இரண்டு பேர் பார்த்தார்கள் என்பதற்காக வேலியை அடைத்தார்.

இவ்வளவுதான். பேத்தி, நான் எழுதின இந்தக் கொப்பியைப் பிடி. எழுத்துப் பிழை கண்டால் திருத்து. ஆனால் ஐயாவை நல்லவராக்காதே. எனக்கு ஒன்பது வயதுதானே என்று இரக்கப்பட்டு, நான் வடை தின்றதை வெட்டாதே. இப்போது தொடக்கத்தில் இருந்து வாசி. எனக்குக் காது மட்டு, உரத்து வாசி.